மூன்று கப்பில் ஒன்று

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. ஃபேக்டரி வாசல் விளக்கைப் பத்து மணி வரை யாரும் அணைக்கவில்லை. வாடல் தொட்டியில் இலை ஒரே ஈரம். மேற்பார்வை மண்டோருக்கு அதனால் எரிச்சல், அவர் எரிச்சலால் எனக்குத் தலைவலி.

பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். கோலாலம்பூரிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தொழிலாளர் லயத்தில் எல்லோருக்கும் அவர் 'துரை', எனக்கு 'சார்', இந்த நோட்டில் 'மே.' மேசை மேல் இரண்டு கப், ஏ, பி என்று பேனாவால் எழுதி. ஏ: ஏணி மலையில் பெண்கள் கையால் எடுத்த கொழுந்து. பி: கீழ் மலையில் மெஷின் வெட்டியது. அலுவலகக் கிராணியும் டிரைவரும் கணக்குப் பையனும் குடித்து முடித்திருந்தார்கள்.

"ஒண்ணுதான் சார்," என்றார் கிராணி. மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

மே. என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா தேவி? குடிக்கிறவனுக்கு வித்தியாசமே தெரியல. அப்புறம் எதுக்கு அந்தச் சரிவுல ஆள ஏத்தி எறக்கிக்கிட்டு?"

திட்டம் இதுதான்: ஏணி மலையைத் தக்காளிக் கூடாரத்துக்குக் குத்தகை விடுவது, ஸ்பெஷல் பாக்கெட்டில் மெஷின் தேயிலை போடுவது. ஏணி மலையில் கொழுந்து எடுக்கும் கூட்டம் கலைந்துவிடும்.

செல்வி அண்ணி அந்தக் கூட்டத்தில்தான். அண்ணன் இறந்த பிறகு லயத்து வீடு அண்ணி பெயரில். அவருக்கு வேலை இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. நான் ருசி அறையில் ஒப்பந்த ஸ்டாஃப், எனக்கு வீடு கிடையாது. அண்ணி மகள் ரேகாவுக்கு ஆண்டுக் கடைசியில் எஸ்பிஎம் பரீட்சை. மூன்று பேருக்கும் அந்த ஒரு கூரைதான்.

சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சோதனையின் தப்புகளை அங்கேயே சொன்னேன்:

- எல்லோருக்கும் ஏ முதலில், பி பிறகு.
- கப்பில் பெயர். யார் எது என்று தெரிந்தே குடித்தார்கள்.
- மே. முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.
- கிராணி வாயில் பெப்பர்மிண்ட் (இன்னும் இருந்தது).
- மூன்றே பேர்.

"வித்தியாசம் தெரியலன்றது வேற சார், வித்தியாசம் இல்லன்றது வேற. மூணு பேர வச்சிச் சோறும் கஞ்சியும் ஒண்ணுன்னு கூடச் சொல்லிரலாம்."

மே. கோபிக்கவில்லை. அதுதான் அந்த ஆளிடம் பிரச்சினை, கோபித்தால் சண்டையாவது போடலாம். "ஒங்க அண்ணி அங்கதானே வேல செய்றாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா சார். அதனாலதான் நான் ஊத்தவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன். எது எதுன்னு எனக்கே தெரியாத மாதிரி செஞ்சு காட்றேன்."

"சரி. மாசக் கடைசிக்குள்ள."

வெளியே வந்த பிறகுதான் மாசக் கடைசிக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

மழை விட்டு விட்டு. செருப்பு வார் அறுந்தது.

மே. அறை வெள்ளைப் பலகையில் நிபந்தனை எழுதினோம். முடிவு தெரிவதற்கு முன்பே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொருவருக்கும் மூன்று கப். இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் மற்றது. கேள்வி ஒன்றே ஒன்று: எந்தக் கப் வேறு? 36 பேர். 18 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் ஏணி மலை இருக்கும். குறைந்தால் தக்காளி.

மே. கையெழுத்துப் போட்டார். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். பலகையைத் துடைப்பது ஒரு நிமிட வேலை.

"எது பிடிச்சிருக்குன்னும் கேட்டுருவோமே," என்றார். கூடாது என்றேன். பிடித்தது எது என்று யோசிக்க ஆரம்பித்தால் நாக்கு வேறு வேலை பார்க்கப் போய்விடும். இரண்டும் இரண்டு சோதனை. ஒத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கேள்வியைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது தெரிந்தது.

இன்னொரு விவாதம்: சீனி. ருசி அறையில் நாங்கள் சீனி போடாமல் உறிஞ்சித் துப்புகிறவர்கள். மே. சொன்னார், "பாக்கெட் வாங்குறவன் துப்பவா வாங்குறான்?" நியாயம். ஆகவே தே ஓ. பால் கிடையாது, எல்லாக் கப்பிலும் ஒரே அளவு சீனி.

ஜூலை 10, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வேறு யாராவது சொல்வதற்கு முன்.

அண்ணி கையில் இருந்த தட்டைக் கழுவி முடித்துத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பேசினார். "ஏன் பதினெட்டு?"

மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றுக்குள் பூண்டுப் பல் ஒன்றை ஒளித்தேன். ரேகாவைக் கண்ணை மூடிக் காட்டச் சொன்னேன். சும்மா காட்டினாலும் மூன்று தடவைக்கு ஒரு தடவை சரியாகும். 36 பேரில் பன்னிரண்டு பேர் வரை ஒன்றுமே தெரியாமல் சரியாகச் சொல்லக்கூடும். அதிர்ஷ்டம் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பதினெட்டு வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்வது கஷ்டம்.

"பன்னெண்டு பேரு ஒண்ணுந் தெரியாமலே சரியா சொல்லிருவாங்களா? அப்ப அவங்களுக்கு எதுக்குப் புள்ள தேத்தண்ணி?"

ரேகா விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

"ஒன்னோட கணக்குல எங்கள ஏத்தி வச்சிருக்க. அவ்ளோதான் எனக்குப் புரியுது," என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

ஜூலை 12, சனி

வேலைகள்:

- இரண்டு தேயிலையும் ஒரே நாள் கொழுந்து, ஒரே தொட்டி, ஒரே உருளை. இல்லாவிட்டால் நாக்கு சோதிப்பது மழையைத்தான். (மண்டோரைக் கெஞ்சி வாங்கியது.)
- நிறம் தெரியக் கூடாது. சிவப்பு விளக்கு வேண்டும்.
- ஃபிளாஸ்க் நான்கு, ஒரே அளவு.
- ரேகாவுக்குச் செருப்பு. எனக்கும்.

பிரிஞ்சாங்கில் சுற்றுலாக் கார்கள் ஸ்ட்ராபெரித் தோட்டம் வரை நின்றன. நடந்தே போனேன். இரும்புக் கடைச் சீனர் சாமி மேடைக்குப் போடும் சிவப்பு பல்புதான் இருக்கிறது என்றார். ஆறு வாங்கினேன். "வீட்ல என்ன விசேஷம்?" என்று மலாயில் கேட்டார். தேநீர் குடிக்கப் போகிறோம் என்றேன். பல்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அண்ணிக்கு ஒரு தே ஓ கோசோங். இனிப்பு நீர் நோய் வந்ததிலிருந்து சீனி இல்லாமல்தான். முகத்தைச் சுளித்துக் குடித்தார். "கோசோங்னு கேட்டு வாங்குறதுக்குச் சுடுதண்ணியே குடிக்கலாம்லா."

அண்ணி என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். அது போதும்.

ஜூலை 15, செவ்வாய்

பல் வலி. இடது பக்கம் மெல்ல முடியவில்லை.

கப்புகளின் வரிசை. ஆறு விதம், ஒவ்வொன்றும் ஆறு பேருக்கு:

கை கை மெஷின்
கை மெஷின் கை
மெஷின் கை கை
மெஷின் மெஷின் கை
மெஷின் கை மெஷின்
கை மெஷின் மெஷின்

எந்த இடத்துக்கும் எந்தத் தேயிலைக்கும் சலுகை இல்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது மனதுக்கு ஒரு நிம்மதி. வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு சமமாக நான் பங்கு போட்டதில்லை.

ஒவ்வொரு தேயிலைக்கும் இரண்டு ஃபிளாஸ்க், ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண். 1, 2, 3 என்றோ ஏ, பி என்றோ போட்டால் முதலாவது உசத்தி என்று மனம் சொல்லும். எண் அட்டவணையிலிருந்து கண்ணை மூடி எடுத்தேன்: 407, 536, 902, 281. எந்த எண் எந்தத் தேயிலை என்று கிராணி சீட்டுக் குலுக்கிப் போட்டு, உறையில் ஒட்டி, மே. அலமாரியில் பூட்டினார். ஃபிளாஸ்குகளை நிரப்பி எண் ஒட்டுவதும் எந்தத் தட்டுக்கு எந்த எண்கள் என்று தாள் எழுதுவதும் அவரே. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை.

வருபவர்களுக்கு அறிவிப்பு: ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, சிகரெட், வெற்றிலை, மிட்டாய் கூடாது. தைலம் பூசி வரக் கூடாது. கடைசியைக் கறுப்பு மையில் இரண்டு தடவை எழுதினேன். இந்தக் குளிரில் தைலம் பூசாத ஆள் இங்கே யார்?

ஏணி மலைக் கூட்டத்தார் யாரும் ருசி பார்க்கக் கூடாது. அண்ணி உட்பட.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வெயில்.

பழைய பாலர் பள்ளிக் கட்டடம். சன்னல்களில் சாக்கு, உள்ளே சிவப்பு விளக்கு. வந்தவர்கள் எல்லோரும் முதலில் சாமி எங்கே என்று தேடினார்கள்.

பின்பக்கச் சமையலறையில் கேண்டீன் ஜோசப் அண்ணன். ஊற்றுவதும் சீனி போடுவதும் அவர். அலுவலகத்து ஃபரிடா தாளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, அவர் அந்த ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றுவார். சின்னச் சன்னல் வழியாகத் தட்டு வரும். நான் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்து தாள் வாங்குவதோடு சரி.

பேசக் கூடாது என்று ஒரு பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். லாரி மாணிக்கம் இரண்டாவது கப்பைக் குடித்துவிட்டு, "ஏங்கா, இதுல..." என்று வாயைத் திறந்தான். பலகையைக் காட்டினேன். "இல்லக்கா, இது வந்து..." மறுபடி காட்டினேன். வாயை மூடிக்கொண்டான். ஒரு பள்ளிக்கூட டீச்சரும் அப்படித்தான். அவருக்கும் பலகை.

தைலம் பூசி வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருவர் என்னை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார்.

மாலை நாலரைக்கு மே. உறையைப் பிரித்தார். கிராணி படிக்கப் படிக்க நான் கோடு போட்டேன்.

முப்பத்தைந்து.

36இல் 35. தவறிய ஒருவரும் கண்ணாடி மறந்து வந்து எண்ணை மாற்றி எழுதியவர்.

மே. நாற்காலியில் சாய்ந்தார். "சரிதான். நான் தோத்துட்டேன். ஏணி மலை இருக்கட்டும்."

ஓட்டமாக வீட்டுக்கு. அண்ணி கேசரி கிண்டினார். தனக்கு ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒருநாள்," என்றார். கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். ராக்காயி அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார், பல் வலிக்கும் பக்கம்.

ஜூலை 18, வெள்ளி

தூக்கம் சரியில்லை. பல் மட்டும் காரணமில்லை.

முப்பத்தைந்து. ருசி அறையில் நாள் முழுக்க நாக்கை வைத்துப் பிழைக்கும் நானே இந்த இரண்டு தேயிலையையும் சீனி போட்டுக் கொடுத்தால் மூன்றில் இரண்டு தடவைதான் பிடிப்பேன். லாரி ஓட்டுகிறவர்களும் டீச்சர்களும் எப்படி?

நல்ல செய்தியைச் சந்தேகப்படுகிற புத்தி யாருக்கும் வரக் கூடாது. எனக்கு வந்திருக்கிறது.

ஜூலை 19, சனி

கேண்டீனில் இன்று கேட்டது. ஜோசப் அண்ணன் அடுப்படியில் நின்று யாரிடமோ:

"நம்ம ஆளுங்களுக்கு இனிப்பு நீர் எக்கச்சக்கமா கூடிப்போச்சுப்பா. அன்னிக்கு அந்த டெஸ்டுல பாதிக் கப்பு கோசோங்குதான் கேட்டாங்க."

தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"அண்ணே, யாரு கேட்டா?"

"ஃபரிடா புள்ளதான் கூப்பிட்டுச்சி. அம்பாட் கோசோங் தூஜோ. செம்பிலான் கோசோங் டுவா. கோசோங்னா சீனி போடக் கூடாதுல்ல? நான் போடல."

"அது நம்பருண்ணே."

"நம்பருதான் தெரியும். நாலு நம்பர் ஃபிளாஸ்க்ல ஏழு கப்புக்கு கோசோங்கோ என்னமோன்னு நெனச்சேன். ஊத்துனது சரியான ஃபிளாஸ்க்லதான்லா. அதுல தப்பில்ல."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சொல்லைக் கேட்டுச் சீனிக் கரண்டியைக் கீழே வைக்கிற கை. இங்கே மலாயில் பூஜ்யத்துக்கும் கோசோங்தான், சீனி இல்லாத தேநீருக்கும் கோசோங்தான். ஃபோன் நம்பரில் ஒரு நாளும் குழம்பாதவர் தேநீர் ஊற்றும்போது குழம்பத்தான் செய்வார். இதை யோசித்திருக்க வேண்டியவள் நான். இந்த ஊரிலேயே பிறந்தவள், நாலு எண்ணில் இரண்டு பூஜ்யத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துப் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

407, 902: இரண்டும் ஏணி மலை. கிராணியின் சீட்டு அப்படி விழுந்தது. ஆக எல்லோரும் கண்டுபிடித்தது கையையும் மெஷினையும் இல்லை, சீனியை. மாணிக்கம் அதைத்தான் சொல்ல வந்தான். நான்தான் பலகையைக் காட்டினேன்.

ஜூலை 20, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. ஜோசப் அண்ணனுக்கே என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. ஏணி மலை பிழைத்துவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

காலையில் துணி துவைத்தேன், மத்தியானம் ரேகாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தேன், சாயங்காலம் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

"ஒனக்குப் பைத்தியமா?" அண்ணி குரல் உயரவில்லை. "தொரையே சரின்னு சொல்லிட்டாரு. நீ எதுக்குப் போயி நோண்டுற?"

"அண்ணி, அந்த அறையில முப்பத்தாறு பேரு சீனிய ருசி பாத்திருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் கேண்டீன்ல பேசாம இருப்பாங்களா? நாளைக்கி துரைக்குத் தெரிஞ்சா, செல்வியோட நாத்தனாதான் செஞ்சான்னு முடிச்சிருவாரு. அப்புறம் எந்த டெஸ்டும் இல்ல."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. யாருக்குமே தெரிய வராது என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தாலும் என்னால் அந்த 35ஐ வைத்துக்கொண்டு இருக்க முடியாது. மே. செய்த சோதனையைக் கேலி பேசினேன். இது அதைவிட மோசம்.

"மறுபடி செஞ்சு பத்து பேரு சொன்னா?"

பயமாக இருந்தது, இருக்கிறது.

"கேசரிய எல்லாரும் தின்னுட்டுப் போயிட்டாங்க தேவி," என்றார் அண்ணி. அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஜூலை 21, திங்கள்

மே. முழுவதும் கேட்டார். கோசோங் என்று வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதனாலதான் சொல்றேன் சார்."

"அப்ப எடுத்துக்கட்டா? டெஸ்ட் ஃபெயில்னு?"

"ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. டெஸ்ட்டே நடக்கல. மாசக் கடைசின்னு சொன்னீங்க. இன்னும் நாள் இருக்கு. பலகையில எழுதினது அப்படியே இருக்கட்டும்."

பலகை துடைக்கப்படாமல்தான் இருந்தது. மே. அதைக் காட்டிக் கேட்டார்:

"இந்தத் தடவ எது பிடிச்சிருக்குன்னு சேத்துக்கலாமா?"

"கேள்விய நடுவுல மாத்தக் கூடாது சார்."

"ஒங்களோட மல்லுக்கட்ட முடியாதும்மா. செய்ங்க."

ஜூலை 23, புதன்

திருத்தங்கள்:

- எண்ணில் பூஜ்யம் கிடையாது. 658, 374, 192, 846.
- யாரும் எண்ணைச் சொல்லக் கூடாது. ஃபரிடா அட்டையைக் காட்டுவாள். வாய்க்கு வேலை இல்லை.
- சீனி முதலிலேயே அளந்து ஃபிளாஸ்கில். ஜோசப் அண்ணன் கையில் கரண்டியே கொடுக்கக் கூடாது. (சொன்னேன். முகம் வாடிவிட்டது. சமாதானம் செய்ய அவர் சுட்ட பலகாரம் நாலு தின்றேன், வலது பக்கமாக.)
- ருசி பார்க்கிறவர் ஏதாவது சொல்ல வந்தால் கேட்க வேண்டும். மற்றவருக்குக் கேட்காமல் வெளியே கூட்டிப் போய்.
- ஒரே நாள் தேயிலை போதாது. 36 நாக்கு இருந்தாலும் அந்த ஒரு நாள் கொழுந்தைப் பற்றித்தான் சொல்லும். இந்தத் தடவை மூன்று நாள் கொழுந்து, தனித்தனியாகச் செய்து சம அளவில் கலப்பது.
- புது ஆட்கள். பழையவர்கள் எல்லோரும் இனிச் சீனியைத்தான் தேடுவார்கள்.

கடைசிதான் மலை. புது ஆட்கள் 36 பேருக்கு எங்கே போவேன்?

பல் பிடுங்கியாகிவிட்டது. ரிங்லெட் கிளினிக்கில் டாக்டரையும் நர்ஸையும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டேன். வாயில் பஞ்சோடு கேட்டதால் புரிய நேரமாயிற்று. நர்ஸ் வருகிறார்.

ஜூலை 25, வெள்ளி

தூறல். 22 பேர் சேர்ந்திருக்கிறார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறி ஏற்றும் ஆட்கள் ஐந்து பேர், ரிங்லெட் தையல்கடைக்காரர், அவர் தங்கை, ஜோசப் அண்ணனின் கோயில் பாடகர் குழு (அவரே கூட்டி வருகிறாராம், பிராயச்சித்தமாம்).

ஞாயிறு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். கூட்டம் வரும். ஆனால் கூழோடு வெங்காயமும் நெத்திலிக் கருவாடும் உண்டே. தின்றபின் எந்த நாக்கும் எனக்கு உதவாது. கோயில் தலைவரிடம் போய், கூழுக்கு முன்னால் பதினைந்து பேரைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"சாமிக்கு முன்னாடி தேத்தண்ணியா?"

"சாமி கும்பிட்டுட்டு, கூழுக்கு முன்னாடி."

யோசித்துவிட்டுச் சரி என்றார்.

வீட்டில் அண்ணி இன்னும் பேசவில்லை. ஆனால் ஃபிளாஸ்குகளைக் கழுவி அடுப்புப் பக்கம் கவிழ்த்து வைத்திருந்தார். யார் வைத்தது என்று கேட்டேன். ரேகா அம்மாவைக் கைகாட்டினாள். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 27, ஞாயிறு

முடிந்தது. 36 பேரும் வந்தார்கள், ஒருவர் கூடுதலாகவே வந்தார், சும்மா தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

கோயில் மேளம் கட்டடத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் ஒரே மேளம் என்பதால் விட்டுவிட்டேன். ஜோசப் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அட்டையைப் பார்த்துப் பார்த்து ஊற்றினாராம். ஃபரிடா சொன்னாள், "பூசை செய்ற மாதிரி இருந்தாரு." நன்றாகத் தமிழ் பேசுவாள். அன்றும் எண்ணைத் தமிழில் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தடவை யாரும் சட்டென்று எழுதவில்லை. முதல் கப்புக்குத் திரும்பிப் போனார்கள், மூன்றாவதை மோந்து பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். தையல்கடைக்காரர் அழித்து அழித்து எழுதினார். அதைப் பார்க்கப் பார்க்கப் பயமும் சந்தோஷமும். சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

வெளியே போன பிறகு காய்கறி ஆட்கள் படியில் நின்று பேசியது காதில் விழுந்தது.

"ஒண்ணு நல்லா திக்கா இருந்துச்சில்ல?"

"ஆமா, அதான் தேத்தண்ணி. இன்னொன்னு ஒரு மாதிரி வாசமா இருந்துச்சி."

திக்கு மெஷின். வாசம் ஏணி மலை. எனக்குக் குடிக்காமலே தெரியும். பிடித்தது எது என்று கேட்காமல் விட்டது சரியான முறைதான், எந்தப் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அந்தப் படியில் நின்றவர்கள் பேசியதைக் கேட்டதும் நல்ல வேளை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அது முறைக்காக நினைத்தது இல்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நினைத்தேன்.

உறை நாளைக் காலை. தாள்கள் பூட்டிய அலமாரியில்.

கூழ் இரண்டு டம்ளர். வெங்காயம் நிறைய.

ஜூலை 28, திங்கள்

22.

இன்னொரு தடவை எண்ணினோம். கிராணி ஒரு தடவை, மே. ஒரு தடவை. 22.

"முப்பத்தஞ்சு இல்ல," என்றார் மே.

"இல்ல சார். இது நெசம்."

வெள்ளைப் பலகையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். "சரி. எழுதினது எழுதினதுதான். ஏணி மலைய ஒண்ணும் செய்யல." கதவருகே போன பிறகு கூப்பிட்டார். "தேவி. அடுத்த வருஷம் மத்தக் கேள்வியக் கேப்போம். எது பிடிச்சிருக்குன்னு. அதையும் நீங்கதான் செஞ்சு தரணும்."

"செய்றேன் சார்."

வேறு என்ன சொல்வது? செய்யத்தான் வேண்டும். சரியாகச் செய்யத்தான் வேண்டும்.

மத்தியானமே அண்ணிக்குச் செய்தி போய்விட்டது. கொழுந்து எடை போடும் இடத்தில் ராக்காயி அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினாராம்.

மீந்த தேயிலையை இரண்டு சின்ன டின்னில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். டின்னில் எண் மட்டும். 374, 658. குளித்துவிட்டு வந்தபோது அண்ணி இரண்டிலும் தேநீர் போட்டு, இரண்டு கப்பில் ஊற்றி, அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சீனி இல்லாமல்.

"எல்லாரும் குடிச்சாங்க. எங்களத்தான் குடிக்க விடல," என்றார். ஒரு வாரம் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை.

முகம் சுளிக்காமல் குடித்தார். ஒன்று, அப்புறம் மற்றது, மறுபடி முதலாவது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் நடுவில் ஒரு வாய் சுடுதண்ணி.

"ரெண்டும் வேற. நல்லாத் தெரியுது."

"தெரியுதா அண்ணி?"

"தெரியாம?" ஒரு கப்பை என் பக்கம் தள்ளினார். "இது சும்மா வாசம்தான். இந்தா, இது பாரு. கோசோங்காக் குடிச்சாலே ஒரு பிடிப்பு இருக்கு. இத்தன வருசத்துல எடுக்கத்தான் எடுத்தோம், இவ்ளோ ருசின்னு தெரியல." மற்றக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. "இதுதானே நம்ம ஏணி மலை?"

அந்தக் கப்புக்குப் பக்கத்தில் இருந்த டின் 658. மெஷின்.

"ஆமா அண்ணி," என்றேன்.

இன்னொரு கப் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன்.